கடதாசியும் கார்ட்டும்

திருகோணமலைக் கடையில் போய்க் 'காகிதம்' கேட்பவர் அரிது. எங்கள் வாயில் அது கடதாசி. பிள்ளைகள் படம் கீறுவது கடதாசியில். வேலியோரத்தில் ஊதாவும் சிவப்புமாகப் பூப்பது கடதாசிப்பூ. பின்னேரத்தில் நாலு பேர் வட்டமாக இருந்து முன்னூற்றிநாலு ஆடினால் அது கடதாசி விளையாட்டு. தெற்கே வாழைச்சேனையில் எழுந்த ஆலைக்கும் கடதாசி ஆலை என்றே பெயர். அக்கரையில், தமிழ்நாட்டில், இதே சொல் 'கடுதாசி' என்ற உருவில் மடலைக் குறிக்கிறது. அதையும் இன்று பெரும்பாலும் முதியவர்களே சொல்கிறார்கள்.

இந்தச் சொல்லின் வரலாற்றுக்குள் நான் போனது கணினி வழியாக. லினக்ஸ் இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து ஒருவர் தாமே கட்டும்போது, திரையில் படம் வரையும் வன்பொருளைச் சாதாரணப் பயனர் தொடுவதற்கு அனுமதி வைக்க வேண்டும். அந்த வன்பொருளுக்கு லினக்ஸில் பெயர் 'கார்ட்0'. கப்பல் ஓட்டுவதற்கான எழுத்துமூல அனுமதிக்கு ஒரு காலத்தில் இந்தக் கடலில் பெயர் 'கார்தாஸ்'. கார்ட், கார்தாஸ், கடதாசி மூன்றும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை. பொருளின் பெயரும் அதைத் தொடுவதற்கான அனுமதியின் பெயரும் பிறப்பால் ஒன்று.

முதலில் கணினியைப் பார்ப்போம். கெரார்ட் பீக்மன்ஸ் என்பவர் 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' என்ற கைநூல், ஒவ்வொரு நிரலையும் மூலத்திலிருந்து தொகுத்து முழு இயங்குதளத்தையும் கட்டும் வழியைச் சொல்கிறது. உபுண்டு, ஃபெடோரா போன்ற ஆயத்த வழங்கல்களில் யார் எதைத் தொடலாம் என்பதை வேறு யாரோ முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பார்கள். தானே கட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. குழுக்களின் பட்டியலைக் கூட அவர் தம் கையால் ஒரு கோப்பில் எழுதுகிறார்: ரூட், டிடிவை, டிஸ்க், ஆடியோ, வீடியோ என்று வரிசையாக. கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஓர் இயங்குதளம் எத்தனை பெயர்களால் கட்டப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பு. கோப்புக்கு உரியவர் ஒருவர், குழு ஒன்று, எஞ்சியோர் மற்றவர். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதற்பதிப்புக் கையேட்டில் உரியவர், மற்றவர் என்ற இரண்டு வகுப்புகளே இருந்தன. குழு என்ற நடுவகுப்பு பின்னால் சேர்ந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கலாம் என்ற ஏற்பாடு 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. இன்றைக்கு நாம் ஒரு பயனரை 'வீடியோ' குழுவிலும் 'ஆடியோ' குழுவிலும் சேர்க்க முடிவது அந்த ஏற்பாட்டினால்தான்.

வரைகலைக் கருவிகள் 'டிஆர்ஐ' என்ற அடைவுக்குள் இருக்கும். அங்கே கார்ட்0க்கு உரியவர் ரூட் என்ற தலைமைப் பயனர், குழு வீடியோ, அனுமதி எண் 660. உரியவரும் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம்; மற்றவருக்குப் பூச்சியம். இயங்குதளத்தின் கருவான கெர்னல் அறிவது குழுவின் எண்ணை மட்டும். லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் கைநூலில் வீடியோ குழுவின் எண் 12, டெபியனில் 44, ஃபெடோராவில் 39. மூன்றிலும் எண் வேறு, பெயர் ஒன்று. எண் இயந்திரத்துக்கு, பெயர் மனிதருக்கு. ஆகவே பெயருக்கு வரலாறு உண்டு.

வீடியோ என்ற பெயரைப் பாருங்கள். 'நான் காண்கிறேன்' என்று பொருள்படும் லத்தீன் வினை அது. தொலைக்காட்சிக் காலத்தில் படச் சமிக்ஞையின் பெயராயிற்று, பிறகு படநாடாவின் பெயராயிற்று. லினக்ஸில் படம் பிடிக்கும் கருவிக்கும் படம் காட்டும் கருவிக்கும் சேர்த்தே இந்த ஒரே குழு பயன்பட்டது. முற்காலத்தில் திரையை நடத்தும் எக்ஸ் சர்வர் ரூட்டின் முழு அதிகாரத்தோடு ஓடி, வன்பொருளை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். 1999 அளவில் பிரிசிஷன் இன்சைட் என்ற நிறுவனத்தார் எழுதிய டிஆர்எம் என்ற பகுதி, பல நிரல்கள் ஒரே வரைகலை வன்பொருளை மோதிக்கொள்ளாமல் பகிர வழி செய்தது. 2009இல் திரையின் அளவையும் அதிர்வெண்ணையும் மாற்றும் வேலையும் கெர்னலுக்குள் போயிற்று. ரூட்டின் கையில் இருந்தது மெல்ல மெல்லக் குழுவின் கைக்கு வந்த கதை இது.

அடுத்து இன்னொரு பெயர் பிறந்தது. கார்ட்0 இரண்டு வேலைகளைச் சுமக்கிறது: திரையை ஆள்வது, படத்தைக் கணித்து வரைவது. திரையை ஆளும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கே இருக்கலாம். அவரை டிஆர்எம் 'மாஸ்டர்' என்கிறது. கணிக்கும் வேலைக்கு மட்டும் வன்பொருளைத் தேடிவரும் நிரலுக்குத் திரையின் ஆட்சி எதற்கு? அதனால் டேவிட் ஹெர்மன் செய்த பணியின் பயனாக 2013இல் 3.12 கெர்னலில் சோதனையாகவும், 2014இல் 3.17 கெர்னலில் இயல்பாகவும் தனியொரு வாசல் திறந்தது. அதன் பெயர் 'ரெண்டர்டி128'. கார்ட் வகைக்கு எண்கள் 0இலிருந்து தொடங்குகின்றன, இந்த வகைக்கு 128இலிருந்து. இயங்குதளத்தின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி இதற்கென 'ரெண்டர்' என்ற குழுவையும் வைத்தது. ஆனால் லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் கைநூல் அந்தப் பெயரை ஏற்கவில்லை. தொகுப்பதற்கு முன் கருவிகளுக்கு அனுமதி வைக்கும் யூடெவ் விதிகளில் ரெண்டர் என்று வரும் இடத்தில் வீடியோ என்று மாற்றி எழுதச் சொல்கிறது. தனியாள் ஒருவர் தம் மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கணினிக்கு இரண்டு குழு வேண்டாம் என்பதாகவே அந்த முடிவைப் புரிந்துகொள்கிறேன். எனக்கு அது சரியாகவே படுகிறது.

பயனரைக் குழுவில் சேர்க்கும் கட்டளை 'யூசர்மாட்'. அதில் பெரிய ஜி மட்டும் கொடுத்து, சேர்க்கை என்பதைக் குறிக்கும் சிறிய ஏ எழுத்தை விட்டுவிட்டால், அந்தப் பயனர் ஏற்கெனவே இருந்த மற்றத் துணைக்குழுக்களிலிருந்தெல்லாம் வெளியே போய்விடுவார். இன்னொன்று, குழு உறுப்புரிமை உள்நுழையும்போது வாசிக்கப்படுவது. சேர்த்த பிறகு வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். வன்பொருளின் வாசல் எந்த வழியிலும் திறக்காத நிரல், மையச் செயலியை வைத்தே படம் வரைய இறங்கும். மீசா என்ற வரைகலை நிரல் தொகுப்பில் அப்படி வரையும் பகுதிக்கு 'எல்எல்விஎம்பைப்' என்று பெயர். வரைபவர் யார் என்று கேட்கும்போது அந்தப் பெயர் வந்தால், முதலில் அனுமதியைச் சோதியுங்கள். உள்நுழைவைக் கவனிக்கும் எலாகிண்ட் அல்லது சிஸ்டம்டியின் லாகிண்ட் இருக்கும் இயங்குதளத்தில் குழுவே வேண்டியதில்லை. திரையின் முன் அமர்ந்திருப்பவர் யாரோ அவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் வாசல் திறக்கும், அவர் போனதும் மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு 666 என்று எழுதி எல்லோருக்கும் கார்ட்0ஐத் திறந்துவிடுவது மட்டும் கூடாது. திரையில் ஓடுவதைப் பார்க்கவும் திரையைக் கைப்பற்றவும் அதே வாசல்தான் வழி.

இனிக் கார்ட் என்ற சொல்.

கிரேக்கத்தில் 'கார்த்தேஸ்' என்றால் பாப்பிரஸ் நாணலில் செய்த எழுதும் ஏடு. லத்தீனில் அது 'கார்த்தா' ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளெங்கும் பரவியது. உரிமைகளை எழுதிக் கொடுத்த ஆவணம் சார்ட்டர். 1215இல் இங்கிலாந்து மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவின் கார்ட்டாவும் இதுவே. 1600இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு எலிசபெத் அரசி வழங்கியதும் ஒரு சார்ட்டர்தான். மாலுமி விரித்துப் பார்க்கும் கடல்வரைபடம் சார்ட். 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குள் வந்த விளையாட்டுத் துண்டு கார்ட். பின்னர் கெட்டியான தாள் எதுவும் கார்ட் ஆயிற்று. 1890இல் அமெரிக்கக் குடிமதிப்பில் ஹெர்மன் ஹாலரித் துளையிட்டுப் பயன்படுத்தியதும் கார்ட். கணினிக்குள் செருகும் மின்சுற்றுத் தகட்டையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். 1981இல் ஐபிஎம் தனி மேசைக்கணினியை விற்றபோது திரைக்குப் படம் தரும் சுற்று தனிக் கார்ட்டாகவே வந்தது. இன்று பல கணினிகளில் அது செயலியின் சில்லுக்குள்ளேயே புதைந்துவிட்டது. செருகுவதற்குத் தகடே இல்லை. ஆனாலும் லினக்ஸ் அதைக் கார்ட்0 என்றே அழைக்கிறது.

அதே கிரேக்கச் சொல் கிழக்கேயும் நடந்தது. அரபியில் 'கிர்தாஸ்'. குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில் இச்சொல் எழுதும் ஏட்டைக் குறித்து வருகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓதுவோருக்கு இது தெரிந்த சொல். அரபியரோடு நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்த போர்த்துக்கேயர் இதைக் 'கார்தாஸ்' என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைய போர்த்துக்கேய மொழியில் கார்தாஸ் என்றால் சுவரொட்டி. 16ஆம் நூற்றாண்டின் இந்துமாக்கடலிலோ அதற்குப் பொருள் வேறு.

அந்தக் கடலில் கார்தாஸ் என்பது கப்பல் ஓட்டுவதற்குப் போர்த்துக்கேயரிடம் வாங்க வேண்டிய அனுமதிப் பத்திரம். கப்பலின் பெயர், அதை நடத்தும் நகுதாவின் பெயர், சரக்கு, வைத்திருக்கும் ஆயுதம், புறப்படும் துறை, சேரும் துறை எல்லாம் அதில் எழுதப்படும். ஏற்றக்கூடாத பொருள்களும் சொல்லப்படும். மிளகு அவற்றில் முதன்மையானது. வழியில் போர்த்துக்கேயக் கோட்டையுள்ள துறையில் நின்று சுங்கம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பத்திரம் இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள், சரக்கைப் பறிப்பார்கள். முகலாயப் பேரரசர் அக்பரின் ஹஜ் பயணக் கப்பல்களே இந்தப் பத்திரத்தோடுதான் போக வேண்டியிருந்தது. யார், எதை, எங்கே, எந்த அளவுக்கு என்ற நான்கும் ஒரு துண்டில் எழுதப்பட்டால் அது அனுமதி. கணினியின் கோப்புப் பட்டியலில் கோப்பின் பெயருக்கு முன்னால் வரும் விவரங்கள் சொல்வதும் ஏறத்தாழ இவைதாம். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. அரபியரும் தமிழரும் மலையாளிகளும் குஜராத்தியரும் யாரிடமும் கேளாமல் ஓடிக்கொண்டிருந்த கடல் அது. அதில் ஓடுவதற்குப் புதிதாக வந்தவரிடம் அனுமதி வாங்க வைத்தார்கள். தன் கணினியைத் தானே கட்டுபவர் தனக்குத் தானே அனுமதி எழுதிக்கொள்கிறார்.

திருகோணமலைக்குப் போர்த்துக்கேயர் செய்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா காலத்தில் அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் இங்கே ஆண்டது இருபது ஆண்டுகூட இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் வந்த சொற்கள் போகவில்லை. கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, லேஞ்சி, துவாய், குசினி என்று காலையிலிருந்து இரவுவரை அவர்களின் சொற்களைத் தொட்டுக்கொண்டே இருக்கிறோம். இவை திருகோணமலைக்கு மட்டும் உரியவையும் அல்ல. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஒன்றாகப் பரவியவை.

கடதாசி அரபு வணிகர் வாயிலிருந்து நேரே வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சொல்லின் முதல் உயிரைப் பாருங்கள். அரபியில் அது இகரம்: கிர்தாஸ். போர்த்துக்கேயத்தில் அகரம். கடதாசி, கடுதாசி இரண்டிலும் அகரம். சிங்களத்தில் கடதாசி, மலையாளத்தில் கடலாஸ்; அங்கும் அகரம். போர்த்துக்கேயர் காலூன்றிய கரைகளிலெல்லாம் அகரத்தோடு நிற்கும் சொல்லை அவர்கள் வழி வந்ததாகக் கொள்வதே பொருத்தம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் கடுதாசிக்குப் போர்த்துக்கேய மூலத்தையே காட்டுகிறது. ரகரம் டகரமாகி, அதற்கும் தகரத்துக்கும் நடுவில் ஓர் உயிர் நுழைந்தது. ஈற்று ஸகரம் இகரம் ஏற்றுச் 'சி' ஆயிற்று. அழுத்தம் விழுந்த 'தா' நெடிலாகவே நின்றது.

ஒலியொற்றுமையைக் கண்டு ஏமாறவும் இடமுண்டு. கடவுச்சீட்டில் உள்ள 'கட' நம்முடைய வினை. கடந்து போவதைச் சொல்வது. அதற்கும் கடதாசிக்கும் உறவில்லை. கடிதம் என்பதையும் கடுதாசியோடு சேர்த்துக் கட்டுவோர் உண்டு. கன்னட நாட்டில் கரி பூசிய துணியை மடித்துக் கணக்கெழுதிய ஏட்டுக்குக் 'கடத' என்று பெயர். சிருங்கேரி மடத்தில் அத்தகைய ஏடுகள் பல காக்கப்பட்டுள்ளன. கடிதத்தை அந்தக் கடதவோடு வைத்துப் பார்ப்பதே முறை.

அனுமதித் துண்டுக்கும் விளையாட்டுத் துண்டுக்கும் ஒரே பெயர் வருவது கார்ட்டில் மட்டும் நடந்ததன்று. தமிழ்நாட்டில் விளையாடுவது சீட்டு. உள்ளே விடக் காட்டுவதும் அனுமதிச் சீட்டு. ஈழத்தில் விளையாடுவது கடதாசி. அதன் மூதாதை ஒரு கப்பல் அனுமதி. பாக்குநீரிணையின் இரண்டு கரையும் வெவ்வேறு சொல்லை எடுத்து ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. கையடக்கமான துண்டு, அதில் ஒரு குறி, அந்தக் குறிக்கு ஒரு மதிப்பு. இரண்டுக்கும் இது பொது.

பத்திரங்களின் ஊர்வலம் திருகோணமலையில் போர்த்துக்கேயரோடு நிற்கவில்லை. ஒல்லாந்தரும் பிரித்தானியரும் கடற்போக்கைத் தத்தம் பத்திரங்களால் ஆண்டார்கள். பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது 1957இல். 1972 முதல் தேசிய அடையாள அட்டை வந்தது. ஊர்ப்பேச்சில் அது 'ஐசி'. போர்க்காலத்தில் அதைக் கையில் வைத்திராமல் தெருவில் இறங்க முடியாது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவருக்கு அதற்கும் மேலே ஒரு 'பாஸ்' வேண்டியிருந்தது. எந்த நேரம் போகலாம், எந்த நேரம் திரும்ப வேண்டும், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதனோடு கட்டுண்டவை. கொட்டியாரக் குடாவிலும் நிலாவெளிக் கரையிலும் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு அனுமதி என்ற சொல்லின் எடை தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கணினியில் தமக்கென ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதற்கு எதைத் தொடும் உரிமை உண்டு என்பதைத் தாமே எழுத முடிகிறது. இதைச் சிறிய செய்தி என்று நான் எண்ணவில்லை.

கலைச்சொல் ஆக்குவோரிடமும் பாடநூல் எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள். வரைகலை அட்டை, பயனர், குழு, அனுமதி என்ற சொற்கள் கணினித் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டன, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடதாசியைக் கொச்சை என்று சொல்லிப் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். அதற்கு மாற்றாக நீங்கள் எழுதித் தரும் காகிதமும் பாரசீக மொழி வழியாக வந்ததுதான். தூய்மைதான் அளவுகோல் என்றால் இரண்டும் ஒரே தட்டில் நிற்கும். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியரில் முதியோர் சிலரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் பேச்சில் இருக்கிறது. கதிரையும் லேஞ்சியும் கடதாசியும் அவர்கள் வாயில் எப்படி ஒலிக்கின்றன என்பதைப் பதிவுசெய்யும் வேலையை நம் பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறைகள் இப்போதே எடுக்க வேண்டும். அந்த முதியோர் இருக்கும்போதே கேட்டால்தான் கேட்க முடியும்.